பரங்கிக்காய்க்காக நான் வாதாடிய நாள்

நான் இருந்த அறையில் எனக்குப் பின் வந்து அமரப்போகும் உங்கள் இருவருக்கும் வணக்கம்.

பணி அனுபவங்களை எழுதுகிறவர்கள் பொதுவாக நரைத்த தலையோடு எழுதுவார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. ஆம்பூரை ஒட்டிய ஒரு காலணித் தொழிற்சாலையில் நான்காண்டுகள் உணவு ஆலோசகராக இருந்தேன்; இப்போது இல்லை. எடை பார்ப்பதையும் அட்டவணை போடுவதையும் எவரும் ஒரு வாரத்தில் உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். அவற்றைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதப் போவதில்லை. ஸ்டெல்லா என்ற பெண்ணின் இருக்கையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அவர் அதை இழந்ததில் என் பேச்சுக்கும் பங்குண்டு. என் எழுத்துக்கும் பங்குண்டு.

முதலில் பேச்சு. கல்லூரி நாள்களில் நான் மேடை ஏறிப் பரிசின்றி இறங்கியது அரிது. கொடுத்த தலைப்பில் எந்தப் பக்கம் நின்றும் வாதாடுவேன். எதிரணி எழுவதற்குமுன் அவர்கள் சொல்லப்போவதை நானே சொல்லி நானே உடைப்பேன். அந்தத் திறமையை இன்றும் நான் தாழ்வாக நினைக்கவில்லை. தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது, மாதக் கடைசி வெள்ளிக்கிழமைதோறும் கேன்டீனில் மதிய உணவு முடிந்ததும் இருபது நிமிடம் உடல்நலம் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். எனக்கு முன்பிருந்தவர் தாளைப் பார்த்துப் படித்ததாகவும், பெண்கள் மேசையில் தலைசாய்த்துத் தூங்கியதாகவும் கேள்விப்பட்டிருந்தேன். என் பேச்சில் யாரும் தூங்கியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பேச்சு பரங்கிக்காயைப் பற்றியது. அன்று கேன்டீனில் பரங்கிக்காய்க் கூட்டு போட்டிருந்தார்கள். சர்க்கரை நோய் உள்ள பெண்கள் பலர் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டுச் சோற்றை மலைபோலக் குவித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். இந்த முரணைக் கண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"குற்றவாளிக் கூண்டில் பரங்கிக்காய் நிற்கிறது. குற்றச்சாட்டு, அது இனிக்கிறது என்பது. சாட்சி சொல்ல வந்திருப்பது உங்கள் நாக்கு. இந்த நாக்கு, இனிக்காத சோற்றை நிரபராதி என்று விடுதலை செய்துவிட்டதே, அந்தத் தீர்ப்பு செல்லுமா?" என்று தொடங்கினேன்.

தையல் பிரிவில் கலா என்றொருத்தி உண்டு. வாய்க்குப் பூட்டில்லாதவள். பின்வரிசையிலிருந்து எழுந்தாள். "வக்கீலம்மா, பரங்கிக்கா உங்களுக்கு எவ்ளோ ஃபீஸ் குடுத்துச்சு?"

கேன்டீனே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன். வெல்லம் சேர்க்காமல் வேகவைத்து மசித்த பரங்கிக்காயில், அதே அளவு சோற்றில் உள்ள மாவுச்சத்தில் சிறு பங்குதான் இருக்கிறது. மசித்ததால் கொஞ்சம் வேகமாக ரத்தத்தில் ஏறும்; ஆகவே அளவாகத் தின்ன வேண்டும், கூடவே சுண்டலோ முட்டையோ இருக்க வேண்டும். பரங்கிக்காய் மருந்து அன்று. ஆனால் பகையும் அன்று. இத்தனையும் உண்மை. இன்றும் அதில் ஒரு சொல்லைத் திரும்பப் பெற மாட்டேன். கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. "சர்க்கரை இறங்கும், நம்புங்கள்" என்று முடித்தேன். பேச்சு முடியும்போது ஒரு முழக்கம் வேண்டும் என்பது மேடைப் பழக்கம்.

மறுநாள் ஸ்டெல்லா என் அறைக்கு வந்தார். நாற்பத்தாறு வயது, பேரணாம்பட்டிலிருந்து கம்பெனிப் பேருந்தில் வருகிறவர். காலணியின் மேல்தோலைத் தைக்கும் வரிசையில் பதினெட்டு ஆண்டுகளாக ஒரே இயந்திரத்தில் உட்கார்ந்தவர். புது மாதிரி வந்தால் முதல் ஜோடியை அவர்தான் தைப்பார். பழகாத கையில் தோலைக் கொடுத்தால் ஊசித்துளை விழுந்து வீணாகிவிடும். தோலில் போட்ட துளையை யாராலும் அழிக்க முடியாது.

"மேடம், டாக்டர் மூணு மாசம் டைம் குடுத்திருக்காரு. அதுக்குள்ள சக்கரை கம்மியாகலன்னா இன்சுலின் ஊசிதான்னு சொல்லிட்டாரு."

"ஊசி போட்டுக்கிட்டா என்னம்மா தப்பு? நிறைய பேர் போட்டுக்கிறாங்களே."

"தப்பு இல்ல மேடம். ஊசி போடறவங்கள மிஷின்ல ஒக்கார வெக்க மாட்டாங்க. மயக்கம் வரும், கையைக் குத்திக்குவாங்கன்னு பயப்படறாங்க. எங்க லைன்ல விஜயாவ அப்படித்தான் எழுப்பிட்டாங்க. அந்த சீட்டு போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

இப்படி எந்த விதியும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாத வழக்கங்கள்தாம் அந்த வரிசையை நடத்தின. ஸ்டெல்லாவுக்கு என்ன வேண்டும் என்பது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்க வேண்டும். இருக்கை நிலைக்க வேண்டும்.

காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். நாலு இட்லி என்றார். நாலையும் நிறுத்திவிட்டு ஒரு கிண்ணம் பரங்கிக்காய் மசியலும் ஒரு பிடி சுண்டலும் என்றேன்.

"பல்லு ஆடுது மேடம். சுண்டலை மெல்ல முடியாது."

"அப்ப ஒரு முட்டை?"

"தவக்காலம் மேடம். ஈஸ்டர் வரைக்கும் கவிச்சி கிடையாது. முட்டையும் தொடமாட்டோம்."

வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். "சரி, ஈஸ்டர் வரைக்கும் மசியல் மட்டும் சாப்பிடுங்க. அப்புறம் முட்டை சேத்துக்கலாம்" என்றேன். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து அதோடு மசிக்கலாம் என்று சொல்ல அந்த நொடியில் எனக்குத் தோன்றவில்லை. என்ன மாத்திரை, அதை எத்தனை மணிக்கு விழுங்குகிறீர்கள் என்றும் நான் கேட்கவில்லை. உணவு இப்படிக் குறையும்போது மாத்திரையின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும் என்று பாடத்தில் படித்திருந்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

இரண்டாம் வாரம் ஸ்டெல்லா ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்தார். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. "நீங்க சொன்னது பலிச்சிருச்சு மேடம்" என்றார். அந்தச் சீட்டை அடுத்த வெள்ளிக்கிழமைப் பேச்சில் உயர்த்திக் காட்டலாமா என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சம்மதித்தார். காட்டினேன். அதற்குப் பிறகு கேன்டீனில் என் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

அடுத்து வந்த புதன்கிழமை, காலை ஒன்பதரைத் தேநீர் இடைவேளையை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தார்கள். துறைமுகத்துக்குப் போக வேண்டிய சரக்கு நின்றுகொண்டிருந்தது. வரிசை நிற்கக்கூடாது என்றார்கள். இது வழக்கமாக நடப்பதுதான். யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை.

பத்து மணி வாக்கில் ஸ்டெல்லா பக்கத்து இயந்திரத்துப் பெண்ணிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாராம். பதினெட்டு ஆண்டில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சிறிது நேரத்தில் ஊசி அவருடைய வலக்கை ஆள்காட்டி விரலில் இறங்கி, உள்ளேயே முறிந்தது. கையை இழுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அப்படியே இயந்திரத்தின்மேல் சாய்ந்தார்.

கலா என் அறைக்கு ஓடிவந்தாள். "மேடம், ஸ்டெல்லாக்காவுக்குப் பேச்சே கொளறுது! கையில ரத்தம்! சீக்கிரம் வாங்க!"

முதலுதவி அறையின் செவிலியர் அன்று எங்கள் இன்னொரு ஆலைக்குப் போயிருந்தார். அறை பூட்டியிருந்தது; சர்க்கரை பார்க்கும் கருவி உள்ளே இருந்தது; சாவி அவரிடம். ஆம்புலன்சுக்குச் சொல்லும்படி கலாவை அனுப்பிவிட்டு நான் வரிசைக்கு ஓடினேன்.

ஸ்டெல்லாவைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். புடவை நனையும் அளவுக்கு வியர்வை. கண் திறந்திருந்தது, பார்வை யார்மேலும் நிற்கவில்லை. விரலை யாரோ துணியால் சுற்றியிருந்தார்கள். கேன்டீனில் தேநீர் போடுகிற பாய் ஒரு கையில் சர்க்கரை டப்பாவோடும் மறுகையில் தண்ணீரோடும் நின்றிருந்தார். நான்கு பெண்கள் அவரை மறித்து நின்றார்கள்.

"சக்கரைக்காரிக்குப் போய் சக்கரை குடுக்கறியே, உனக்கு அறிவிருக்கா பாய்?"

"வேர்க்குது பாரும்மா, கம்மியாயிருச்சும்மா!"

"மேடம் அத்தன தடவ மைக்குல சொன்னாங்களே, சக்கரை ஆகாதுன்னு. உனக்கு மட்டும் காது அவிஞ்சிருச்சா? இதோ மேடமே வந்துட்டாங்க, கேளு!"

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. நண்பர்களே, எந்த மேடையிலும் எனக்கு அவ்வளவு அமைதியான அவை கிடைத்ததில்லை.

சர்க்கரை ஏறியதால் விழுந்தாரா, இறங்கியதால் விழுந்தாரா? கருவி பூட்டுக்குள் இருந்தது. ஏறியிருந்து நான் சர்க்கரை கொடுத்தால் என் கையாலேயே கெடுத்தவள் ஆவேன். இப்படி நான் யோசித்துக்கொண்டு நின்றது பத்து நொடியா, ஒரு நிமிடமா, எனக்குத் தெரியாது. என் கண்முன் அவருடைய உதடு வெளுத்துக்கொண்டே போனது.

பாய்தான் என் அருகில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். "மேடம், என் சம்சாரம் ரெண்டு வாட்டி இப்படித்தான் விழுந்தா. சக்கரை ஜாஸ்தியா இருந்து நாம குடுத்துட்டா ஆஸ்பத்திரியில இறக்கிக்குவாங்க. கம்மியா இருந்து நாம குடுக்கலன்னா ஆஸ்பத்திரி போறவரைக்கும் தாங்கமாட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இவங்க வழி விடுவாங்க."

நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதைப் பாய் சொல்லிவிட்டார். நான்காண்டுப் படிப்பிலும் இது இருந்தது. இவ்வளவு குறைந்த சொற்களில் இல்லை. "வழி விடுங்க" என்று கத்தினேன். ஸ்டெல்லாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். நினைவு சரியாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறிவிடும். ஆகவே சர்க்கரையை ஈரப்படுத்தி விரலால் கன்னத்தின் உட்புறம் தடவினேன். மறுபடி தடவினேன். மறித்த பெண்களில் ஒருத்தி, "மேடமே குடுக்கறாங்கடி" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஸ்டெல்லா விழுங்கத் தொடங்கினார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பீஸ் வீணாப்போச்சா?" என்பது. தைத்துக்கொண்டிருந்த தோல் துண்டைத்தான் கேட்டார்.

உயிர் தப்பியது. விரல் தப்பவில்லை. பல ஆண்டுச் சர்க்கரையில் ஊறிய உடம்பில் புண் ஆறாமல் சீழ் வைத்தது. ஆள்காட்டி விரலின் மேல் இரண்டு கணுக்களையும் எடுத்தார்கள்.

அடுத்து எழுத்து. விபத்து நடந்த அன்று மாலையே பாதுகாப்பு அலுவலர் என்னிடம் அறிக்கை கேட்டார். "உள்ளது உள்ளபடி எழுதிக் குடுங்க மேடம், போதும்" என்றார். ஸ்டெல்லாவின் உணவு டப்பா அவர் பைக்குள் திறக்கப்படாமல் இருந்ததை நானே பார்த்திருந்தேன். காலை ஆறு மணிக்கு மாத்திரை போட்டதாக மருத்துவமனையில் அவர் சொன்னதையும் கேட்டிருந்தேன். எழுதினேன்: "தொழிலாளி காலையில் மாத்திரை உட்கொண்டு, காலை உணவு உட்கொள்ளாமல் பணியில் ஈடுபட்டுள்ளார். இதனால் ரத்தச் சர்க்கரை குறைந்து மயக்கமுற்றார்." இரண்டே வாக்கியம். ஒரு சொல் கூடுதல் இல்லை என்று எனக்கு உள்ளூரத் திருப்தி. கையெழுத்திட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பேரணாம்பட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கோபத்தோடுதான் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இவ்வளவு சொல்லியும் சாப்பிடாமல் வந்தாரே என்ற கோபம்.

"ஏன்மா சாப்பிடல? டப்பா பையிலேயே இருந்துச்சே."

"டீ டைம்ல சாப்பிடலாம்னு வெச்சிருந்தேன் மேடம்."

"மாத்திரைய ஆறு மணிக்குப் போட்டுட்டு ஒன்பதரைக்கா? முன்னாடி இட்லிய எப்ப சாப்பிட்டீங்க?"

"பஸ்ல."

"அப்ப இதையும் பஸ்லயே சாப்பிட்டிருக்கலாமே?"

அவர் குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். "நான் ஏறும்போது சீட்டு இருக்காது மேடம். நின்னுக்கினு வர்றேன். ஒரு கை கம்பியில. இட்லின்னா அப்படியே எடுத்து வாயில போட்டுக்கலாம். இது கொழகொழன்னு இருக்குது, ஸ்பூன் வேணும். மொத நாளு பஸ்ல திறந்தேன், பிரேக் போட்டான், பக்கத்துல நின்ன பொண்ணு மேல கொட்டிச்சு. அது பாவம், அன்னிக்கி முழுக்க மஞ்சக் கறையோட வேலை செஞ்சுது. அதுக்கப்புறம் டீ டைம்லதான்."

"மாத்திரை?"

"மாத்திரை வீட்லயே போட்டுருவேன். சாப்பாட்டுக்கு முன்னாடின்னு சொல்லியிருக்காங்களே."

"இத்தனை நாளா உடம்பு ஒண்ணும் பண்ணலியா?"

"ஒன்பது மணிக்கு மேல கை நடுங்கும். படபடன்னு வரும். நீங்கதான் சக்கரை இறங்கும்னு சொன்னீங்களே. சரி, இறங்குது, நல்லதுதான்னு இருந்துட்டேன்."

எதிரணி சொல்லப்போவதை முன்கூட்டியே சொல்லி உடைக்கிறவள் நான். இட்லிக்கும் மசியலுக்கும் மாவுச்சத்தில் என்ன வேறுபாடு என்பதை என்னைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒன்றை நின்றுகொண்டே ஒரு கையால் தின்னலாம், மற்றொன்றை முடியாது என்பது என் எந்த அட்டவணையிலும் இல்லை. ஆம்பூரைச் சுற்றியுள்ள ஆலைகளுக்கு எத்தனை பெண்கள் இப்படிக் கம்பியைப் பிடித்தபடி காலை உணவை முடிக்கிறார்கள் என்று தினமும் அதே பேருந்துகளைக் கடந்து நடந்தும் நான் பார்க்கவில்லை. உங்களிடம் ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவர் என்ன தின்கிறார் என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். எங்கே, எந்த நேரத்தில், உட்கார்ந்தா நின்றா, யார் அனுமதித்த பிறகு தின்கிறார் என்பதை முதலில் கேளுங்கள். வெளியே ஆறு பேர் காத்திருந்தாலும் கேளுங்கள்.

நான் விடைபெற எழுந்தபோது ஸ்டெல்லா கேட்டார். "மேடம், என்ன மிஷின்லருந்து எடுக்கப்போறாங்களாம். நான் சாப்பிடாம அலட்சியமா வந்தேன்னு பேப்பர்ல இருக்குதாம். யாரு எழுதினாங்கன்னு தெரியுமா?"

"நான்தான் எழுதினேன்" என்றேன். 'அலட்சியம்' என்ற சொல்லை நான் எழுதவில்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது. அடக்கிக்கொண்டேன். அந்தச் சொல் வந்து உட்கார இடம் விட்டு எழுதியது நான்தான்.

மறுநாளே இரண்டாவது அறிக்கை எழுதினேன். இட்லியை நிறுத்தச் சொன்னது நான். மாத்திரை பற்றிக் கேட்காதது நான். தேநீர் இடைவேளையைத் தள்ளிவைத்தது நிர்வாகம். தொழிலாளி சொன்னபடி நடந்தார். பணியாளர் அலுவலர் அதைப் படித்துவிட்டு, என் முதல் அறிக்கையை மேசைமேல் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே மேடம்?"

"ஆமா சார்."

"இதுல எந்த வரி பொய்?"

"எந்த வரியும் பொய் இல்ல சார். முழுசா இல்ல."

"பாருங்க, இந்த ரெண்டாவது பேப்பர் உள்ள போனா உங்களுக்குத்தான் பேஜார். அந்தம்மாவுக்கு விரல் திரும்பி வரப்போகுதா? யோசிச்சுக் குடுங்க."

யோசிக்காமல் கொடுத்தேன். ஆனால் கோப்பில் முதல் அறிக்கைதான் நிலைத்தது. என் வாழ்க்கையில் நான் தோற்ற வாதம் அதுதான் என்று சொன்னால் மிகையாகாது. ஆண்டு முடிவில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. நீங்கள் அந்த நாற்காலிக்கு வருகிறீர்கள், அவ்வளவுதான். ஸ்டெல்லாவை வேலையிலிருந்து நீக்கவில்லை. கருணையோடு பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே இயந்திரம் இல்லை. ஆகவே ஆபத்தில்லை என்று குறித்தார்கள். அவர் இருக்கையில் இப்போது வேறொரு பெண் தைக்கிறாள்.

சென்ற வாரம் ஸ்டெல்லா தொலைபேசியில் அழைத்தார். சர்க்கரை மறுபடி ஏறி, ஊசி தொடங்கிவிட்டார்களாம். பேக்கிங்கில் மேசையோரம் நின்று காலணிக்குள் காகிதம் திணிக்க வேண்டும். பாதத்தில் ஒரு கொப்புளம் வந்து ஆறாமல் இருக்கிறதாம்.

"ஊசி போட்டா அரைமணியில சாப்பிடணும்னு சொல்றாங்க மேடம். இன்னா சாப்பிடட்டும்?"

விடை என் நாவின் நுனியில் இருந்தது. சொல்லவில்லை. கொப்புளத்தை நாளைக்கே மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"அங்க எத்தனை மணிக்கு உங்கள உக்கார விடறாங்க?"

"விடறதில்ல மேடம்."